மூன்று கருவில் எதைத் தேர்ந்தெடுப்பது? மதுரைக் கருத்தரிப்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கருத்தரிப்பு மையம் நடத்தும் மருத்துவர்களுக்கும், அங்கே கரு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

"இருக்கிறதிலேயே நல்லதாப் பார்த்து வைங்க டாக்டர்." ஐவிஎஃப்புக்கு வரும் தம்பதிகளில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. கத்தரிக்காய்க் கடையில் சொல்கிற மாதிரிதான் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த 'நல்லது'க்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோன நோய் அடுத்த பிள்ளைக்கு வரக்கூடாது என்பது ஒன்று. குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருந்து கரு தங்க வேண்டும் என்பது இன்னொன்று. உயரம், நிறம், படிப்பு, ஐம்பது வயதில் சர்க்கரை வராமல் இருப்பது என்பது மூன்றாவது. முதலாவதை இன்றைய ஆய்வகம் நன்றாகவே செய்யும். இரண்டாவதில் பாதி உண்மை. மூன்றாவது இன்றைக்கு விற்கக் கூடாத சரக்கு. இவை மூன்றும் 'மரபணுத் தேர்வு' என்ற ஒரே பெயரில் ஒரே துண்டுப் பிரசுரத்துக்குள் வந்துவிடுவதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. முட்டை எடுக்கும் நாளில் 12 கிடைத்தது என்று வைப்போம், அது நல்ல எண்ணிக்கைதான். அதில் முதிர்ந்தவை 9 இருக்கும். இக்ஸி (ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது) செய்தால் 7 கருவுறும். ஐந்தாம் ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கரு) ஆகி நிற்பவை 3. கணவன் மனைவி இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர் (மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் கெட்டு, நோயில்லாமல் இருப்பவர்) என்றால் நாலில் ஒரு கருவுக்கு நோய் வரும், எனவே மிஞ்சுவது சராசரியாக 2. மனைவிக்கு வயது 35 என்றால் கருக்களில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். 40 வயதில் பாதிக்கு மேல். ஆக, கையில் நிற்பது ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதைக் கருப்பையில் வைத்தாலும் குழந்தையாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். இந்த ஒன்றுக்குள் உயரத்தையும் நிறத்தையும் எங்கிருந்து தேர்ந்தெடுப்பது? ஒரு சட்டை மட்டும் தொங்கும் கடையில் அளவு, நிறம், விலை எல்லாம் பார்த்து எடுக்கச் சொல்வது போலத்தான்.

நோயுள்ள மூத்த பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்த வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. நோயில்லாமல் இருக்க நாலில் மூன்று, மஜ்ஜை பொருந்த நாலில் ஒன்று, இரண்டையும் பெருக்கினால் 16இல் 3. மூன்று கருவை வைத்துக்கொண்டு இதற்கு இறங்கினால் பெரும்பாலும் வெறுங்கைதான். முட்டையைப் பல சுழற்சிகளில் சேர்த்து வைத்த பிறகே பேச வேண்டிய பேச்சு இது. அந்தப் பல சுழற்சிக்கும் சேர்த்து என்ன செலவாகும் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு, இயற்கையே கழிச்சுவிடாதா?" என்று கூட வந்த பெரியவர்கள் கேட்பார்கள். அற்பமான கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். இயற்கை கழிக்கத்தான் செய்கிறது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கர்ப்பங்களில் பாதி அளவுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். ஆனால் இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய் என்கிற வகை மரபணுவை இயற்கை கழிப்பது மிக மெதுவாக. கணக்கு எளிது. ஊரில் 50 பேருக்கு ஒருவர் கேரியர். நோயோடு பிறக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பெரியவராகிப் பிள்ளை பெறவில்லை, கழிப்பு நூற்றுக்கு நூறு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மரபணுவின் அளவு பாதியாகக் குறைய 100 தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு போட்டால் 2,500 ஆண்டு. கீழடியில் பானை ஓட்டில் பெயர் கீறிய காலத்தில் தொடங்கியிருந்தால் இன்றைக்குத்தான் பாதி வந்து சேர்ந்திருப்போம். இடையில் புதிதாக உண்டாகும் மரபணுப் பிறழ்வுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இவ்வளவு மெதுவாக நடக்கக் காரணம், கெட்ட பிரதிகளில் பெரும்பகுதி ஒரு குறையும் தெரியாத கேரியர்களிடம் பத்திரமாக இருக்கிறது. இயற்கையின் கண்ணுக்கு அது படாது.

சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் இந்தக் கழிப்பைக் கொஞ்சம் வேகப்படுத்தும் என்பது உண்மை. வேகப்படுத்துவது என்றால் நோயோடு பிறந்து இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுவது என்று பொருள். இயற்கையின் கையில் உள்ள கருவி அது ஒன்றுதான்.

இயற்கை நமக்கு எது நல்லது என்று பார்த்துக் கழிப்பதும் இல்லை. சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்தக் குறைதான் அரிவாள் செல். இந்தியாவில் அதை முதலில் கண்டது 1952இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம். இரண்டு வருடம் கழித்து, ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை மலேரியா அவ்வளவாக அடிப்பதில்லை என்று ஆலிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியா இருந்த காலத்தில் லாபம் பார்த்த மரபணு, மலேரியா ஒழிந்த பிறகும் கடையைக் காலி செய்யவில்லை. 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. 2047க்குள் குறைக்க முடிவது நோயோடு பிறக்கும் பிள்ளைகளை. மரபணு அதற்குப் பிறகும் இருக்கும்.

கருவைத் தேர்ந்தெடுப்பதாலும் அது ஊரைவிட்டுப் போகாது. இருவரும் கேரியரான தம்பதிக்குப் பிறக்கும் நோயில்லாப் பிள்ளைகளில் மூன்றில் இருவர் கேரியர்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அறிக்கையில் 'கேரியர்' என்று வந்த கருவைக் குறையுள்ளது என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் இருக்கிறது. நான்கு கரு இருந்தால் கணக்குப்படி ஒன்று நோய், இரண்டு கேரியர், ஒன்று இரண்டுமில்லாதது. கேரியரை ஒதுக்கினால் நான்கு ஒன்றாகிவிடும். அந்த ஒன்று தங்காவிட்டால்? தாயும் தகப்பனும் கேரியராகவே நாற்பது வயதுவரை நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் போலவே இருக்கப்போகும் பிள்ளையை எதற்குத் தூக்கிப் போடுவது?

இனி நம் வட்டாரத்துக்கே உரிய விஷயம். நாட்டில் சொந்தத்துக்குள் திருமணம் அதிகம் நடப்பது தமிழ்நாட்டில்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 28 சதவீதம். அதே 50க்கு ஒரு கேரியர் கணக்கில், அந்நியர் இருவர் மணந்தால் நோயுள்ள பிள்ளை பிறக்க 10,000இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் 1,600இல் ஒன்று. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 800இல் ஒன்று. இது ஒரே ஒரு நோய்க்கு. இப்படிப்பட்ட நோய்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து, நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிறவிக் குறை வாய்ப்பு பொதுவாக உள்ளதைவிடச் சில சதவீதம் கூடும். மற்றபடி பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டியதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த முறை அந்தத் தகவலையே மறைப்பார்கள். அறிக்கை தவறுவது அங்கேதான்.

எப்படித் தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். பிளாஸ்டோசிஸ்ட்டின் வெளிப்பூச்சிலிருந்து, அதாவது நஞ்சுக்கொடியாகப் போகும் பகுதியிலிருந்து, லேசரால் ஓட்டையிட்டு 5 முதல் 8 செல் எடுக்கிறோம். ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏ சுமார் 6 பைக்கோகிராம். ஐந்து செல்லுக்கு 30. ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பைக்கோகிராம். இதைப் பெருக்கிப் பெருக்கித்தான் படிக்க வேண்டும். பெருக்கும்போது தாய்வழிப் பிரதியும் தகப்பன்வழிப் பிரதியும் சமமாகப் பெருகாமல், சில சமயம் ஒன்று அடியோடு காணாமல் போகும். அப்படிப் போனால் கேரியர் கரு நோயில்லாததாகத் தெரியலாம், அது பரவாயில்லை. நோய்தரும் பிறழ்வைத் தாய் ஒரு இடத்திலும் தகப்பன் வேறு இடத்திலும் வைத்திருந்து, அதில் ஒன்று பெருகாமல் போனால், நோயுள்ள கரு வெறும் கேரியராகத் தெரியும். அதை எடுத்து வைத்துவிடுவோம்.

இதைத் தடுக்கத்தான் பிறழ்வை மட்டும் பார்க்காமல் அதன் இரு பக்கமும் உள்ள அடையாளக் குறிகளையும் சேர்த்துப் பார்ப்பது. பக்கத்துக்கு இரண்டாவது வேண்டும். தாயின் கெட்ட பிரதியோடு எந்தக் குறிகள் ஓடுகின்றன, நல்ல பிரதியோடு எவை ஓடுகின்றன என்று முதலில் குடும்பத்தில் கண்டுபிடித்து, பிறகு கருவில் அவற்றைத் தேட வேண்டும். இங்கேதான் மாமன் மகள் கதை குறுக்கே வருகிறது. கணவனும் மனைவியும் ஒரே தாத்தாவிடமிருந்து அந்தக் குரோமோசோம் துண்டை வாங்கியிருந்தால் இருவரின் கெட்ட பிரதியைச் சுற்றியுள்ள குறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். கருவில் அந்தக் குறி தெரிந்தால் அது தாயிடமிருந்து வந்ததா தகப்பனிடமிருந்து வந்ததா, ஒன்று வந்ததா இரண்டா என்று பிரிக்க முடியாமல் போகலாம். சொந்தம் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வகம் அதற்கேற்ற குறிகளைத் தேடி வைத்துக்கொள்ளும். தெரியாமல் அனுப்பினால், ஊசி போட்டு முட்டை எடுத்து பயாப்ஸியும் முடிந்த பிறகு 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வரும். விண்ணப்பத்தில் 'உறவுமுறைத் திருமணமா?' என்ற ஒரு கட்டமும், 'என்ன முறை?' என்று ஒரு கோடும் இருந்தால் போதும். ஆம், இல்லை மட்டும் போதாது. அக்கா மகளும் ஒன்றுவிட்ட அத்தை மகளும் ஒன்றல்ல.

குடும்பக் குறி பார்ப்பது முடிந்து, ஆய்வகம் 'தயார்' என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் முதல் ஊசி. சில வாரம் தாமதம் ஆகும். "வயசாகுதே டாக்டர்" என்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்துக்கு இணங்கி மாதிரியையும் மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்குவது, அஸ்திவாரமும் தளமும் ஒரே நாளில் போடுவது மாதிரி.

பயாப்ஸி மேசையில் கெடுவதும் உண்டு. சாதாரண ஐவிஎஃப் முறையில் கருவுறச் செய்தால் வெளியுறையில் ஒட்டிய விந்தணு பயாப்ஸிக் குழாய்க்குள் போய்விடலாம். அதனால்தான் இக்ஸி. முட்டையைச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களை முழுக்க உரிக்கவில்லை என்றால் தாயின் டிஎன்ஏ கலந்து, கருவின் விடைக்குப் பதில் தாயின் விடை வரும். ஒவ்வொரு கருவுக்கும் கடைசியாகக் கழுவிய துளியைத் தனிக் குழாயில் வெறும் மாதிரியாக அனுப்புங்கள். அதில் டிஎன்ஏ தெரிந்தால் எங்கோ கலந்திருக்கிறது என்று பிடிபடும். குழாயின் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் தட்டின் எண்ணைப் பார்த்து ஒப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு என்று இதை விடாதீர்கள். மூன்றாம் கருவின் அறிக்கை நான்காம் கருவுக்குப் போனால் பிறகு எந்த இயந்திரமும் அதைக் கண்டுபிடிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சிறு அளவு தவறு மிஞ்சும். ஆகவே கர்ப்பம் தங்கினால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுத் திசு மாதிரியோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரோ எடுத்து உறுதிசெய்யச் சொல்ல வேண்டும். 'ஏற்கெனவே சோதித்துத்தானே வைத்தோம்' என்று இதைத் தவிர்ப்பது தவறு.

அறிக்கையில் 'பொருள் தெளிவாகாத பிறழ்வு' என்று ஒரு வகை வரும். அதை வைத்துக் கருவை ஒதுக்கவே கூடாது. நம் மக்களின் மரபணுத் தரவு உலகத் தரவுத்தளங்களில் குறைவு. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரைப் படித்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. எங்கோ வெள்ளைக்காரரிடம் காணப்படாதது என்பதற்காக மேலூர்க்காரரின் மரபணு கெட்டதாகிவிடாது.

குரோமோசோம் எண்ணிக்கைச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. அது இல்லாத கருவை உண்டாக்காது, இருப்பதில் எதை முதலில் வைப்பது என்று சொல்லும். தொடர்ந்து கலைந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் சில நேரம் அலைச்சலைக் குறைக்கும். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 25 முதல் 40 வயதுப் பெண்களிடம் இதனால் மொத்தத்தில் கர்ப்ப விகிதம் கூடவில்லை. எல்லோருக்கும் கட்டாயப் பொட்டலமாக இதைச் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

இப்போது அந்த மூன்றாவது சரக்கு. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் கருவுக்கு உயரம், நோய் வாய்ப்பு, ஏன் அறிவுக்கும்கூட மதிப்பெண் போட்டு விற்கின்றன. அந்தப் பிரசுரங்கள் வாட்ஸ்அப்பில் இங்கேயும் வருகின்றன, உங்களிடமும் கேட்கிறார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நல்ல பொலிகாளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு காளைக்கு எத்தனையோ கன்று பிறக்கும். திமில், கால், வேகம் பார்த்து ஒன்றிரண்டை நிறுத்திவிட்டு மீதியைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். அடுத்த தலைமுறையிலும் அதே. தேர்வு பலிப்பது அந்த எண்ணிக்கையாலும் அந்தக் கழிப்பாலும்தான். நம்மிடம் இருப்பது மூன்று கரு, ஒரே தலைமுறை.

எண்ணிலேயே பார்க்கலாம். உயரத்துக்கான மரபணு மதிப்பெண், ஆட்களுக்கிடையே உள்ள உயர வேறுபாட்டில் நாலில் ஒரு பங்கை விளக்குகிறது என்று தாராளமாகவே வைப்போம். ஒரே தம்பதியின் கருக்களுக்கு இடையே அதில் பாதிதான் வேலை செய்யும். இரண்டு கருவில் மதிப்பெண் கூடியதை எடுத்தால் கிடைக்கும் சராசரி லாபம் சுமார் 1.2 சென்டிமீட்டர். ஐந்தில் ஒன்றை எடுத்தால் 2.5. இந்த மதிப்பெண்களைப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்திருக்கிறார்கள். தெற்காசியரிடம் அவற்றின் துல்லியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுகிறது. அப்போது இரண்டு கருவுக்கான லாபம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. செருப்பு மாற்றினால் அதைவிடக் கூடும். இதுவும் சராசரிதான், மதிப்பெண் குறைந்த கரு வளர்ந்து உயரமாக நிற்கவும் செய்யும்.

படிப்புக்கான மதிப்பெண் இன்னும் மோசம். உடன்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட்டால் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகச் சரிகிறது. மரபணுவின் வேலை என்று எண்ணியதில் கணிசமான பகுதி, வீட்டில் இருந்த புத்தகமும் அம்மா படித்த பள்ளியும் செய்த வேலை. அதோடு, படிப்பு மதிப்பெண்ணைக் கூட்டும் அதே குறிகளில் சில இருமுனை மனநோய் வாய்ப்பையும் கூட்டும் பக்கம் சாய்கின்றன. ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூட வரும்.

நோய் வாய்ப்பு 30 சதவீதம் குறைகிறது என்று எழுதியிருந்தால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். ஆயிரத்தில் 10 பேருக்கு வருவது 7 ஆனாலும் 30 சதவீதம்தான். மூன்று பேருக்காக 997 பேர் செலவழித்திருப்பார்கள்.

கலராகப் பிறக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் அறிவியல் விளக்கம் ஏதும் வேண்டாம், சட்டத்தைக் காட்டுங்கள். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், 25ஆம் பிரிவு: கருவில் மரபணுச் சோதனை, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்களுக்காக மட்டும். உயரமும் நிறமும் நோயில்லை.

மரபணுவையே வெட்டி ஒட்டித் தர முடியுமா என்ற கேள்விக்கும் ஒரு வரி. 2018 நவம்பரில் சீனாவில் ஹெ ஜியான்குய் அப்படி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். எதிர்பார்த்த மாற்றம் அந்தக் கருக்களில் அப்படியே விழவும் இல்லை. அடுத்த ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறை. அரிவாள் செல் நோயாளியின் மஜ்ஜை செல்லைத் திருத்தும் சிகிச்சை வேறு, அது பிள்ளைக்குப் போகாது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆணா பெண்ணா என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த மண்ணில் பல காலம் ஒரே பொருள்தான் இருந்தது. பெண் சிசுக்கொலைக்காக உசிலம்பட்டி வட்டாரத்தின் பெயர் 1980களில் நாடு முழுக்க அடிபட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது, 2003இல் கருத்தரிப்புக்கு முந்திய தேர்வையும் அது பிடித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாலினத் தேர்வு வசதி உண்டு என்று விளம்பரம் செய்வதற்கே 5 முதல் 10 ஆண்டு சிறை வரை இருக்கிறது. குரோமோசோம் அறிக்கையில் எக்ஸ், ஒய் வரிசை உங்கள் கைக்கே வரக் கூடாது. ஆய்வகம் அதை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். தசைச்சிதைவு நோய் போல ஆண்பிள்ளைகளைத் தாக்கும் நோய்களில்கூட, பிறழ்வையே நேராகச் சோதிக்க முடியும்போது ஆண் கருக்களை மொத்தமாகக் கழிக்கத் தேவையில்லை. கேரியர் தாயின் மகன்களில் பாதிப் பேருக்கு அந்த நோய் இல்லை.

தேர்வு என்றாலே ஐவிஎஃப் என்பதும் இல்லை. பிள்ளைக்குக் குறைவில்லாமல் தானாகக் கருத்தரிக்கும் தம்பதிக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் எட்டாம் வாரத்திலேயே சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழ், எம்சிஹெச் (அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவு) 27க்குக் கீழ் என்றால் ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை). அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இந்த ஏ2 அளவைக் கீழே இழுத்துக் கேரியரை மறைத்துவிடும். நம் பெண்களில் இரும்புக் குறைவு இல்லாதவர்களைத் தேட வேண்டும், அது வேறு கதை. கர்ப்பத்துக்கு வெளியே என்றால் இரும்பு கொடுத்துச் சரிசெய்து மறுபடி சோதிக்கலாம். கர்ப்பத்தில் அதற்கு நேரமில்லை, சந்தேகம் வந்த அன்றைக்கே கணவரின் ரத்தத்தை எடுத்துவிடுங்கள். அவர் கேரியர் இல்லை என்றால் கவலை முடிந்தது. இருவரும் என்றால் பிறழ்வு எது என்று கண்டு, 11 வாரத்தில் நஞ்சுத் திசு. மூன்றாம் மாதம் முடிந்து சாவகாசமாக ரத்தம் எடுத்தால் இந்த வரிசை முழுக்க நழுவி, கருக்கலைப்புச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தின் 24 வார வரம்பில் போய் முட்டும். இரண்டு ரத்தச் சோதனைக்கும் சேர்த்து ஆவது ஐவிஎஃப் செலவில் மிகச் சிறிய பங்குதான். மனைவியை மட்டும் சோதித்து, 'குறை இவளிடம்' என்று வீட்டுக்கு அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. இந்த நோய் வர இரண்டு பேர் வேண்டும்.

எல்லா மரபணு நோய்க்கும் கருவைக் கழிப்பதுதான் வழியா என்றும் யோசிக்க வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்று ஒருவருக்குக் குழந்தையாக இருந்தபோது இரு கண்ணிலும் வந்திருந்தால், அவர் பிள்ளைகளுக்கு அந்த மரபணு போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. கரு நிலையிலேயே சோதிக்கலாம். அல்லது, பிறந்த முதல் வாரங்களிலிருந்தே மயக்கம் கொடுத்துக் கண்ணைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, கட்டி கடுகளவில் இருக்கும்போதே லேசரால் அணைக்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இந்த இரண்டாவது வழி எட்டாத தூரத்தில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் விடுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் ஆறு பக்கம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு, தமிழில் ஒரே ஒரு ஏ4 தாள் சேருங்கள். அதில் அந்தத் தம்பதியின் எண்களை மையத்தின் பேனாவால் எழுதுங்கள். "எதிர்பார்க்கும் முட்டை 12. ஐந்தாம் நாள் வருவது சுமார் 3. நோயில்லாதது சுமார் 2. ஒன்றும் தேறாமல் போகலாம். தேறினாலும் குழந்தையாவது ஏறக்குறையப் பாதி. சோதிப்பது இந்த ஒரு நோயை மட்டும், வேறு எந்த நோயும் வராது என்ற உத்தரவாதம் இல்லை. விடை தவறச் சிறு வாய்ப்பு உண்டு, கர்ப்பத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்." முன்பணம் வாங்கும் முன் இதைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் சிலர் வராமல் போவார்கள். போகட்டும்.

கடைசியாக, உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் வார்டு இருந்தால், அங்கே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று. காரணம் பிடிபடாத நோயோடு ஒரு குழந்தை மோசமான நிலையில் இருக்கிறது, பெற்றோருக்கு அடுத்த பிள்ளை வேண்டும் என்று நாளைக்குத் தோன்றலாம். அந்தக் குழந்தையின் டிஎன்ஏ இல்லாமல் பிறழ்வைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். பிறழ்வு தெரியாமல் கருச் சோதனையே இல்லை. 2 மில்லி ரத்தம், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில். பச்சை மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின் பின்னால் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். எடுத்ததும் எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. சாதாரணக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் சில நாள் தாங்கும். அதற்குள் ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏவைப் பிரித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். குழாயில் குழந்தையின் பெயரோடு தாய் பெயர், எடுத்த தேதி, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி. ஏற்றி அதிக நாள் ஆகவில்லை என்றால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து இன்னொரு மாதிரியும் எடுத்து வையுங்கள். பெற்றோரிடம் அந்த நேரத்தில் நீண்ட விளக்கம் வேண்டாம், "பிறகு உங்களுக்கு உதவும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் போதும். குழந்தை போன பிறகு கேட்டு வருபவர்களிடம் அந்தக் குழாய் இல்லை என்று சொல்லும்படி ஆகக் கூடாது.

இப்படிக்கு,
மதுரையில் மரபியல் ஆலோசனையும் ஆய்வக வேலையும் செய்யும் சிலர்